ஶகாரம் விழுந்த இடம்



பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களைக் கணிப்பொறியில் ஏற்றிப் பதிப்போர் பெருகியிருப்பது உகப்புக்குரியது. அம்முயற்சியில் நேரும் ஒரு பிழை இங்கு விசாரிக்கப்படுகிறது.

அரியலூரில் அடியேன் பார்வைக்கு வந்த ஓர் அச்சுப்படியில், ‘ஶரணம்’ என்றிருக்க வேண்டிய இடந்தோறும் ‘ரணம்’ என்றிருந்தது. புகலைச் சொல்லும் சொல், வடமொழியில் போரையும் தமிழ் வழக்கில் புண்ணையும் சொல்லுவதாயிற்று. மூலக் கோப்பில் பிழையில்லை. யூனிகோடில் இருந்த அதனை, பழைய எழுத்துருவில் அச்சிடுவதற்காகத் திஸ்கிக் குறியாக்கத்துக்கு மாற்றியபோது நேர்ந்தது இது.

திஸ்கியில் உள்ளவை 256 இடங்கள். முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. பிற்பாதியில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ உண்டு, ஶ இல்லை. யூனிகோடின் தமிழ்ப் பகுதியிலேயே இவ்வெழுத்து 2005இல்தான் சேர்ந்தது. ‘ஐகான்வ்’ என்னும் கட்டளைவரிக் கருவி, மாற்ற இயலாத எழுத்தைக் கண்டால் பிழை கூறி நின்றுவிடும். ‘சி’ என்னும் குறியோடு ஏவினால், அவ்வெழுத்தை விட்டு மேலே செல்லும். விட்ட இடத்தில் ஒரு புள்ளியும் வையாது. ‘ஶக்தி’ என்பது ‘க்தி’ ஆனால் வாசிப்பவர் திடுக்கிடுவர். ‘ரணம்’ தானும் ஒரு சொல்லாகையாலே கண்ணுக்குத் தப்பும்.

ஶகாரத்துக்குச் சகாரம் இட்டால் போதாதோ என்னில், போதும். ஆனால் அது பதிப்பாசிரியர் அறிந்து செய்து, முன்னுரையில் அறிவிக்க வேண்டியது. அறியாமல் எழுத்து விழுவது வேறு.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போக, அவ்வளவுக்கு மணவாள மாமுனிகள் வ்யாக்யானமிட்டருளினார் என்பது ப்ரஸித்தம். செல் அரித்த ஏட்டில் குறை கண்ணுக்குத் தெரியும். தெரிந்தமையாலே நிரப்பவும் கூடிற்று. கருவி அரித்த இடமோ தெரிவதில்லை. இதுவே அதிகக் கேடு.

32 எழுத்து ஒரு க்ரந்தம் என்று எண்ணி, ஆறாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று பேரிட்ட ஸம்ப்ரதாயம் நம்முடையது. ஆகையால் ‘சி’ குறியின்றியே மாற்றுக. கருவி நின்றால், நின்ற இடத்தை ஆராய்ந்து, மாற்றெழுத்தைத் தாமே இடுக. முடிந்தபின் மீண்டும் யூனிகோடுக்குக் கொணர்ந்து மூலத்தோடு ஒப்பிடுக. நின்றுவிடும் கருவியைக் குறை கூறுகிறோம். அது நிற்பதே நமக்குச் செய்யும் உபகாரம்.