யுங் கண்ட அகங்காரமும் மெய்கண்டார் கண்ட ஆன்மாவும்

சுவிட்சர்லாந்து நாட்டு உளநூற் புலவராகிய கார்ல் குஸ்தாவ் யுங் என்பார், கல்கத்தாவில் 1938 சனவரியிற் கூடிய இந்திய விஞ்ஞானப் பேரவையின் வெள்ளிவிழாவிற்கு அழைக்கப்பெற்று, 1937ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்தார். காசி, பிரயாகை, கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் அவர்க்குப் பட்டமளித்துச் சிறப்பித்தன. தெற்கே திருவனந்தபுரம் வரை போந்தும், திருவண்ணாமலையில் வீற்றிருந்த இரமண முனிவரைக் காணாமலே மீண்டார். பின்னர் 1944இல், முந்தைய ஆண்டு காலஞ்சென்ற ஹைன்ரிக் ஸிம்மர் என்னும் அறிஞர் அம்முனிவரைப்பற்றி எழுதிய நூல் ஸூரிச் நகரில் வெளிவந்தபோது, அதற்கு முகவுரை வரைந்தவர் யுங் அவர்களே. ஸிம்மரோ பாரத நாட்டையே கண்டிலர். நேரிற் காணாதார் இருவர் கூடிய நூலாயினும், அம்முகவுரை எழுப்பும் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

யுங் கொள்கை யாதெனின், அறிவு என ஒன்று உண்டாயின் அதனை உடைய ‘நான்’ ஒன்று வேண்டும். ‘நான்’ ஒழிந்துழி அறிவும் ஒழியும். ஆகலின் யோகியர் கூறும் சமாதி நனவிலி நிலையின் வேறன்று என்பதாம். 1939இல் எழுதிய கட்டுரையிலும் இக்கருத்தை வற்புறுத்துகின்றார். அறிவானும் அறிபொருளும் அறிவும் ஒன்றேயாய் முடியும் என்பார்க்கு இது பெருந்தடையே. அநுபவிப்பான் ஒருவன் இன்றேல் முத்தியின்பம் யார்க்கு என நம் ஆசிரியர்களும் பண்டே வினவினர். இதுகாறும் யுங் சித்தாந்திக்குத் துணைவரே.

ஆயின் அவர் ‘நான்’ எனக் கொண்டது அகங்காரம் என்னும் தத்துவத்தை. அது மாயையிற் றோன்றிய சடம். அந்தக்கரணம் நான்கனுள் ஒன்று. அரசற்கு அமைச்சர் போல அவை ஆன்மாவிற்கு உதவும் என்பதும், ஆன்மா அவற்றின் வேறென்பதும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தின் துணிபு. அமைச்சர் நீங்கின் அரசன் இறந்தான் எனல் பொருந்துமா?

மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர்க்கு மேற்றிசையில், கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்றோர் ஊர் உளது. அமாவாசை நள்ளிரவில் விளக்கின்றி அம்மலைவழி நடப்பாற்குக் கண் உண்டு, காட்சி இல்லை, இது கேவலம். கைவிளக்கொன்று பெற்றவழி அடிவைக்கும் இடமட்டும் புலனாகும், இது சகலம். ஞாயிறு உச்சியில் நிற்குங்கால் மலையும் காடும் அருவியும் முழுதும் விளங்கும். ஆங்கு விளக்கு வேண்டா. இது சுத்தத்திற்கு ஒப்பு. விளக்கில்லை என்னும் ஒன்றே பற்றி நள்ளிரவும் நண்பகலும் ஒன்றென்பார் கூற்றுப் போல்வதே, சமாதியை நனவிலி என்ற யுங் கூற்று. அகங்காரம் இன்மை இரண்டற்கும் பொது. மலவிருளும் திருவருளொளியும் பொதுவல்ல. உளநூலார் ஆராய்ச்சியெல்லாம் விளக்கொளியிற் செய்வதாகலின், பகல் அவர்க்கு எட்டாதது வியப்பன்று.

இக்காலத்துச் சிலர் நனவிலி மனமே ஆணவமலம் எனப் பொருத்திக் காட்டி மகிழ்கின்றனர். இதுவும் வழு. நனவிலியுட் கிடப்பன ஆசை, அச்சம், மறந்த நினைவு முதலியன. இவை வினைவழிச் சித்தத்திற் பதிந்த வாசனைகள். ஆணவமோ அவைபோன்ற பதிவுகளின் தொகுதியன்று; அறிவை மறைத்து நிற்பதாகிய அநாதிப் பொருள். கனவைப் பகுத்து வாசனையை அறியலாம். இருளைப் பகுத்து ஒளி பெற்றார் யார்?

மகரிஷியிடத்தும் அகங்காரத்தோடு போராட்டம் முற்றும் ஓய்ந்திலது என யுங் கருதுவதை அவமதிப்பென வெகுளுதல் வேண்டா. சீவன்முத்தர்க்கும் வாசனாமலம் தாக்கும் என்றன்றோ பன்னிரண்டாஞ் சூத்திரம் மலங்கழுவுதலையும், அடியார் கூட்டத்தையும், ஆலய வழிபாட்டையும் விதித்தது?

ஞானியரை நாடாது விட்டமைக்கு அவர் கூறும் காரணமே மிக நோக்கத்தக்கது. தம் உண்மையைத் தம்மிடத்தே பெறவேண்டும், பிறரிடம் ஏற்றல் களவாகும் என 1962இல் வெளிவந்த தம் வரலாற்றிற் குறிக்கின்றார். அவ்வாய்மை போற்றத்தக்கது. எனினும் ஐம்புல வேடரிடை வளர்ந்த அரசகுமரன் தன்னைத் தானே எத்துணை ஆராயினும் வேடனென்றே காண்பான். தந்தை வந்து உணர்த்தியபோது அவன் பெறுவது களவுப் பொருளன்று, தன் உரிமையே என்கிறது எட்டாஞ் சூத்திரம். இவ்விடையை யுங் எதிர்கொண்டிலர்.