மூன்று கை மங்கை!

மங்கைக்குக் கை எத்தனை? இரண்டு என்பான் பள்ளிச் சிறுவன். அல்ல, மூன்று என்று அச்சிட்டே காட்டியது அமெரிக்கப் பதிப்புலகம்!

கிறிஸ்டினா டாட் என்னும் பெண் எழுத்தாளரின் ‘காசில்ஸ் இன் தி ஏர்’ என்ற காதல் நாவல் 1993இல் வெளிவந்தது. அட்டையிலே காதலன் தழுவுகிறான், காதலி சாய்கிறாள். அவள் கைகளை எண்ணுகிறோம். ஒன்று, இரண்டு... மூன்று! ஓவியர் தீட்டினார், பதிப்பகத்தார் ஒப்பினர், அச்சகத்தார் அச்சிட்டனர், கடைக்காரர் அடுக்கினார். இத்தனை பேர் கண்ணுக்கும் தப்பியது ஒரு முழுக் கை! கண்கள் கைமேல் இருந்தாலன்றோ தெரியும்?

இது தனி ஒருவரின் தவறன்று. ஒரு மரபின் விளைவு. 1970களிலும் 80களிலும் அந்நாட்டுக் காதல் நாவல் அட்டைகளுக்கு இலக்கணமே உண்டு. பனிமலையாயினும் பாலைவனமாயினும் நாயகன் சட்டைக்குப் பொத்தான் இராது. புயல் வீசும், ஆனால் கூந்தல் மட்டுமே பறக்கும், பின்னால் நிற்கும் மரத்தின் இலை அசையாது! இத்தாலியில் பிறந்த பேபியோ 1987இல் ஜோஹன்னா லிண்ட்சேயின் ‘ஹார்ட்ஸ் அஃப்ளேம்’ அட்டையில் தோன்றினார். பின்னர் எத்தனையோ அட்டைகளில் அவரே நாயகன். கதையின் நூற்றாண்டு மாறும். அட்டையின் மார்பு மாறாது!

இவற்றைக் காட்டி, “பெண்கள் படிப்பது இத்தகைய குப்பைதானே” என்று எள்ளுவோர் உளர். அவர்களோடு சேர்ந்து நாம் சிரிக்க மாட்டோம். எழுதியவள் பெண், வாங்கியவள் பெண். அட்டையை முடிவு செய்ததோ விற்பனைக் கணக்கு! எழுதியவளின் விருப்பத்துக்கு அங்கே இடம் பெரும்பாலும் இருந்ததில்லை. உள்ளே வாதாடுகிறவள், மறுக்கிறவள், தன் துணையைத் தானே தேர்கிறவள், வெளியே கண்மூடிக் கழுத்து மடங்கி மயங்கிக் கிடக்கிறாள். அந்த மயக்கம் யாருடைய கற்பனை?

பின்வந்த பதிப்பில் மூன்றாம் கை மறைந்தது. எண்ணினால் பிழை வெளிப்படும். தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். சிந்தித்தல் என்றும் பொருள். முதல் எண்ணம் மூன்றாம் கையைக் கண்டது. இரண்டாம் எண்ணம் எஞ்சிய இரு கைகளையும் காணட்டும்! ஒரு வாளோ ஏடோ ஏந்தாமல், ஆடவன் தோளைப் பற்றித் தொங்குவதொன்றே அவற்றின் தொழிலா?

ஓவியர்களே, மிகையான கையை நீக்கினீர்கள், நன்றி. இருக்கும் கைகளுக்கு வேலை கொடுங்கள்!