எலும்பு துலக்கும் பல்

நாய்க்கு எலும்பு போட்டால் பல் சுத்தமாகும் என்பதை நம் ஊரில் யாரும் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் பழைய வழக்கத்தை ஒரு கொள்கையாகவும், கிட்டத்தட்ட ஓர் இயக்கமாகவும் வளர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவில் தொழில் செய்த இரண்டு கால்நடை மருத்துவர்கள். இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் ‘கிவ் யுவர் டாக் எ போன்’ என்ற நூலை வெளியிட்டார். சிட்னியில் மருத்துவம் பார்த்துவந்த டாம் லான்ஸ்டேல் 2001-இல் ‘ரா மீட்டி போன்ஸ்’ எழுதினார். வேகவைக்காத, கறியும் ஜவ்வும் ஒட்டிய எலும்பு நாயின் வாய்க்கு மருந்து என்பது இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. இன்று உலகெங்கும் பச்சைக்கறி உணவை ஆதரிப்பவர்கள் பேசுவதில் பாதி இந்த இருவரிடமிருந்து வந்ததுதான்.

லான்ஸ்டேல் ஒரு குற்றப்பத்திரிகையையே வாசித்தார். டின்னிலும் பையிலும் வரும் உணவு நாயின் பல்லுக்கு வேலை தருவதில்லை, அதனால் ஈறு கெடுகிறது, கெட்ட ஈறிலிருந்து நோய் உடம்பெங்கும் போகிறது, அந்த உணவை மருத்துவர்களே விற்கிறார்கள் என்றார். இதைக் கிறுக்கு என்று தள்ளிவிட முடியாது. நாய்க்கான பல் பராமரிப்பு உணவை விற்கும் ஹில்ஸ் நிறுவனம் 1976-லிருந்து கோல்கேட் பாமாலிவின் கையில் இருக்கிறது. பெடிகிரி தயாரிக்கும் மார்ஸ் நிறுவனமே அமெரிக்காவின் பெரிய கால்நடை மருத்துவமனைத் தொடர்களுக்கும் உரிமையாளர். உணவு விற்பவரும் பல்லைச் சுரண்டிக் காசு வாங்குபவரும் ஒரே முதலாளியாக இருக்கும்போது கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் எதிராளிக்கு உள்நோக்கம் இருப்பதால் மட்டும் நம் பக்கத்து மருந்து வேலை செய்துவிடாது. எலும்பு என்ன செய்கிறது என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அதன் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் சொத்தைப்பல் அரிது, பற்காரை மிகுதி. துலக்கிய பல்லில் சில மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்ப் படலம் மீண்டும் படிகிறது. இரண்டு மூன்று நாளில் எச்சிலின் தாதுக்கள் அதில் இறங்கி அது காரையாக இறுகத் தொடங்குகிறது. நாயின் தாடை மேலும் கீழும்தான் அசையும், மாடு போல் பக்கவாட்டில் அரைக்காது. மேல்வரிசை நாலாம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ்வரிசை முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரிபோல் உரசி வெட்டுகின்றன. ஜவ்வும் குருத்தும் ஒட்டிய எலும்பை அந்தக் கத்தரிக்குள் தள்ளி நாய் அரைமணி நேரம் மல்லுக்கட்டும்போது பல்லின் புறப்பரப்பு நன்றாகவே தேய்க்கப்படுகிறது. உலர் தீவனம் பல்நுனி பட்டதும் நொறுங்கிவிடும். பால்சோறும் தயிர்ச்சோறும் அந்த அளவுக்குக்கூட வேலை வைப்பதில்லை.

இந்தத் தேய்ப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பிரேசில் ஆய்வாளர்கள் 2016-இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் எட்டு பீகிள் நாய்களுக்கு நாள்தோறும் மாட்டுத் தொடையெலும்புத் துண்டு கொடுக்கப்பட்டது. பற்களைப் படமெடுத்து, காரை மூடிய பரப்பைக் கணக்கிட்டார்கள். 20 நாளில் காரையின் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. பல் உடைந்ததாகவோ குடல் அடைபட்டதாகவோ அதில் பதிவில்லை. எலும்பை ஆதரிப்பவர்களின் கையில் உள்ள நல்ல சான்று இதுதான். எலும்பு காரையை நீக்கும் என்பதை இனியும் மறுப்பது வீண் பிடிவாதம்.

ஆனால் அங்கே அளக்கப்பட்டது காரை. நாயை வாட்டுவது ஈறு நோய். இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதில்தான் இந்த வாதம் முழுவதும் சறுக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் காரை பெரும்பாலும் செத்த கல். அதன் சொரசொரப்பில் புதுப் படலம் எளிதாகப் பற்றிக்கொள்ளும் என்ற அளவில் அதுவும் கெடுதிதான். பல்லைத் தாங்கும் நாரையும் தாடை எலும்பையும் கரைப்பதோ ஈறு விளிம்புக்குக் கீழே, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலான பையில் உயிரோடு இருக்கும் படலம். அதை எதிர்த்து உடம்பு கிளப்பும் அழற்சியும் சேர்ந்துதான் பல்லை ஆட வைக்கிறது. நாய் கடிக்கும் எலும்பு அந்தப் பைக்குள் நுழைவதில்லை. வெளிச்சுவருக்கு வெள்ளையடித்தால் அஸ்திவாரத்துக் கரையான் போய்விடாது. நாய் எலும்பைப் பின்பற்களால் கடிப்பதால் முன்பற்களுக்கு அந்த வெள்ளையடிப்புகூடச் சரியாகக் கிடைப்பதில்லை.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் பதில் காடு. ஓநாய்க்கு யார் பல் துலக்கிவிட்டார்கள் என்று கேட்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் 29 மண்டையோடுகளை ஆராய்ந்து 1999-இல் ஓர் அறிக்கை வந்தது. இரையைத் தோலும் எலும்புமாகத் தின்று வாழ்ந்த விலங்குகள் அவை. 41 சதவீதத்தில் ஈறு நோயின் தடயம் இருந்தது, 83 சதவீதத்தில் பற்கள் தேய்ந்திருந்தன, 48 சதவீதத்தில் பல் உடைந்திருந்தது. ஆஸ்திரேலியாவிலேயே, வேட்டையாடித் தின்னும் காட்டுப்பூனைகளையும் வீட்டுப்பூனைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1998-இல் வெளியானது. காட்டுப்பூனைகளின் பல்லில் காரை குறைவு. ஈறு நோயிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பூனை நாயாகாது என்று வாதாடலாம். என்றாலும், காரை குறைந்தால் ஈறு நோய் தானே குறையும் என்ற கணக்கு, இயற்கை உணவு உண்ணும் விலங்கிடமே தப்பாகிப்போனதை அந்த ஆய்வு காட்டிவிட்டது. நாயும் முழு ஓநாய் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் மிகுந்திருப்பதை 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மனிதன் போட்ட சோற்றைத் தின்று பல்லாயிரம் ஆண்டு கடந்த விலங்கு அது.

காட்டுநாய்களின் உடைந்த பற்களை ஆதரவாளர்கள் பேசுவதே இல்லை. நம் பல்லின் எனாமல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலும் தடித்திருக்கும், நாய்க்கோ ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கத்தரிபோல் வெட்டும் அந்த மேல் பல்லின் வெளிப்பக்கம் கனத்த எலும்பின் மேல் அழுந்தும்போது ஒரு சில்லாகப் பெயர்ந்துவிடுவது கால்நடைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். பல்லுக்குள் இருக்கும் கூழ் வெளியே தெரிந்தால் வலி, பின் சீழ், கண்ணுக்குக் கீழே வீக்கம். வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும். இரண்டுக்கும் முழு மயக்கம் தேவை. நாய் வலியைக் காட்டிக்கொள்ளாமல் மறுபக்கத்தால் மென்றுகொண்டிருக்கும், வீட்டில் பலருக்கு மாதக்கணக்கில் தெரியாது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மாட்டுத் தொடையெலும்பில் எந்த நகமும் பதியாது. லான்ஸ்டேல் பரிந்துரைத்ததும் அதை அல்ல, முழுக்கோழியின் கூடும் ஆட்டுக் கழுத்தும் போல நாய் மென்று தின்றுவிடக்கூடிய எலும்புகளை. வெட்டிய பெரிய எலும்பு பல்லை உடைக்கும் என்பதை அவரும் எச்சரித்தார். ஆக, இந்த இயக்கத்துக்குக் கிடைத்த சிறந்த சான்று, அது கொடுக்காதே என்று சொல்கிற எலும்பைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வந்திருக்கிறது!

இன்னொரு முரணும் உண்டு. வெளிநாடுகளில் இன்று பச்சைக்கறி என்று உறைநிலையில் விற்பதில் பெரும்பங்கு எலும்போடு சேர்த்து அரைத்த கொத்துக்கறி. அதில் மெல்ல ஒன்றுமில்லை. பல்லுக்கு நல்லது என்ற பேச்சை முன்னால் வைத்து, பல்லுக்கு வேலையே தராத பண்டத்தை விற்கிறார்கள். டின் கம்பெனிகளைத் திட்டியவர்கள் இதையும் திட்டியிருக்க வேண்டும்.

விழுங்குவதில் வரும் ஆபத்துகள் எல்லோருக்கும் தெரிந்தவை. உணவுக்குழாயில் சிக்குவது, குடலை அடைப்பது, எலும்பு மிகுந்து மலம் சுண்ணாம்புபோல் இறுகுவது, நல்லி எலும்பின் வளையம் கீழ்த்தாடையில் கோரைப்பற்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. இவற்றைச் சொல்லிப் பயமுறுத்துவோரும் ஓரிடத்தில் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், எலும்புத் தின்பண்டங்களால் நாய்கள் பாதிக்கப்பட்டதாக வந்த சுமார் 68 புகார்களும், சுமார் 15 நாய்கள் இறந்ததும் குறிப்பிடப்பட்டன. அவை புகையூட்டியும் சுட்டும் உலர்த்தியும் கடையில் விற்ற எலும்புகள், பச்சை எலும்புகள் அல்ல. அந்த எண்ணைப் பச்சை எலும்பின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

பச்சை எலும்பின் கணக்கில் எழுத வேண்டியது கிருமி. நெதர்லாந்தில் உறைநிலைப் பச்சை உணவுப் பொட்டலங்கள் 35-ஐப் பரிசோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். 28-இல் மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஈ. கோலை, 19-இல் லிஸ்டீரியா, 7-இல் சால்மோனெல்லா. உறையவைத்தால் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் சாகும், பாக்டீரியா தூங்கும், அவ்வளவுதான். அதே ஆண்டு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, நாய்களுக்குப் பின்னங்காலில் தொடங்கி வரும் ஒருவகை நரம்பு வாதத்துக்கும் கோழிக்கறியில் வாழும் கேம்பைலோபாக்டர் கிருமிக்கும் தொடர்பைக் கண்டது. பச்சைக் கோழிக்கறி, குறிப்பாகக் கோழிக்கழுத்து, சந்தேகக் கூண்டில் ஏறியது. கால்நடைகளின் கழுத்துப்பகுதியோடு தைராய்டு சுரப்பியும் சேர்ந்து வந்தால், அதைத் தொடர்ந்து தின்னும் நாய்க்குத் தைராய்டு மிகுதி வருவதையும் ஜெர்மன் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலான நாய்கள் கிருமியைத் தின்றும் நன்றாகவே நடமாடும். ஆனால் தின்ற வாயால் அது குழந்தையின் முகத்தை நக்கும். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, கீமோ சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் பச்சை எலும்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நம் ஊருக்கு வந்தால் கதை வேறு. கோழிக்கடையில் கழுத்தும் காலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே பாலித்தீன் பையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆஸ்திரேலியரின் குளிர்பெட்டிச் சங்கிலியை எண்ணி எழுதிய அறிவுரையை அந்தப் பைக்குப் பொருத்த முடியாது. அதைவிடப் பெரிய கேடு, நாம் வழக்கமாகப் போடுவது பச்சை எலும்பே அல்ல என்பது. பிரியாணித் தட்டில் மிஞ்சிய எலும்பு, குழம்பில் வெந்த கோழிக்கால், குக்கரில் ஐந்து விசில் விட்ட ஆட்டெலும்பு. வெந்த எலும்பு நெகிழ்ச்சியை இழந்து கூர்ச்சிலும்பாகப் பிளக்கும், கூடவே வெங்காயமும் உப்பும் சேர்ந்து போகும். லான்ஸ்டேலும் அவரைத் திட்டும் மருத்துவர்களும் ஒரே குரலில் வேண்டாம் என்பது இந்த எலும்பைத்தான். தெருநாய் தின்று நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். குடல் கிழிந்து செத்த தெருநாயை யாரும் அறுத்துப் பார்ப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈறு நோய் அதிகம் பிடிப்பது பொமரேனியன், ஷிட்சூ போன்ற சிறு இன நாய்களை. சின்னத் தாடையில் 42 பல்லும் நெருக்கியடித்து நிற்பதால் இடுக்கெல்லாம் படலம். எலும்பைக் கடிக்கும் பலமும் விழுங்கும் வழியும் குறைந்தவையும் இவையே. உணவுக்குழாயில் எலும்பு சிக்கி வருவதில் சிறு இனங்களே முன்னால் நிற்கின்றன. நீண்ட தாடையும் இடம்விட்ட பல்லும் கொண்ட ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் எலும்பைச் சமாளிக்கும், ஆனால் அவற்றுக்கு அதன் தேவை அவ்வளவாக இல்லை. இந்த வைத்தியம், தேவைப்படும் நோயாளிக்குத்தான் ஆபத்து.

பிரஷ்தான் மாற்று. தினமும், குறைந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் துலக்கினால் நல்ல பலன், வாரம் ஒருமுறை துலக்குவது போதாது என்று 2015-இல் பீகிள் நாய்களிடம் செய்த ஆய்வு சொல்கிறது. பிரஷ்ஷின் நார் ஈறு விளிம்பைத் தொடும், எலும்பு தொடாது. ஆனால் நாய்க்குத் தினமும் பல் துலக்கும் வீடுகள் எத்தனை? எலும்புக்காகச் சொல்லக்கூடிய நேர்மையான வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது: யாரும் துலக்காத வாய்க்கு ஏதோ ஓர் உராய்வு, ஒன்றுமில்லாததைவிட மேல். மெல்லுவது நாய்க்குச் சந்தோஷம், பொழுதுபோக்கு, செருப்புக்கும் சோபாவுக்கும் பாதுகாப்பு. அந்த வாதத்தை ஏற்கிறேன். அதை மருத்துவமாக விற்பதை ஏற்கவில்லை.

நடுத்தர அல்லது பெரிய இனம், ஆரோக்கியமான ஈறு, நிதானமாக மெல்லும் சுபாவம் இவை மூன்றும் உள்ள நாய்க்கு, அன்று வெட்டிய ஆட்டின் நெஞ்செலும்புத் துண்டு, ஒரே விழுங்கில் போகாத அளவில், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஆள் பக்கத்தில் இருக்க. என் தீர்ப்பில் இடமுள்ளது இவ்வளவுக்குத்தான். தொடை நல்லியும் வெந்த எலும்பும் எந்த நாய்க்கும் வேண்டாம். ஏற்கெனவே ஈறு நோய் உள்ள நாய்க்கு எலும்பு போட்டுப் பல்லை வெளுப்பாக்கினால் நோய் மறையும், தீராது. இன்று மாலை உங்கள் நாயின் மேலுதட்டைப் பின்பக்கம் வரை தூக்கிப் பாருங்கள். பல் எவ்வளவு வெளுப்பு என்று பார்க்க வேண்டாம். பல்லோடு சேரும் இடத்தில் ஈறு சிவந்திருந்தாலோ வாய் நாறினாலோ கறிக்கடைக்குப் போகாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் பையில் தீவனத்தைக் கட்டிக் கொடுத்தால், அது எதற்கு என்று அவரிடமும் கேளுங்கள்.