உத்திரமேரூர்க் குடமும் ஊராட்சித் தேர்தலும்

சோழர் பாடத்தில் குடவோலை முறையை இன்றைய மக்களாட்சியின் வேர் என்று சொல்லிக்கொடுப்பது நம் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அந்த முறையின் விதிகளைக் கல்லில் பொறித்த உத்திரமேரூரைக் குறிப்பிட்டார்.

இந்த வழக்கத்தில் நன்மை இல்லாமலில்லை. மக்களாட்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பண்டைய ஆதென்ஸைப் படத்தில்தான் பார்க்க முடியும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே மாணவர்கள் தொட்டுப் பார்க்கலாம். வரலாறு தங்கள் மண்ணிலும் நடந்தது என்ற உணர்வு சாதாரணமானதல்ல.

ஆனால் அந்தக் குடத்தில் விழுந்தவை வாக்குகள் அல்ல. ஊரின் முப்பது குடும்புகளிலும் (பிரிவுகளிலும்) தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அது குலுக்கல். ஆதென்ஸின் ஐந்நூற்றுவர் அவையும் குலுக்கலில்தான் அமைந்தது. ஒப்பிடுவதென்றால் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். இன்றைய வாக்குச்சாவடியோடு அல்ல.

இதைவிடப் பெரிய குறை, தகுதிகளை மனப்பாட விடையாகச் சுருக்கிவிடுவது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி என்று மாணவர் ஒப்பிக்கிறார். அது பிரமதேய (பிராமணருக்குக் கொடையளிக்கப்பட்ட) ஊரின் பிராமணர் சபை என்பதையும், உழுதவர், நெய்தவர், பெண்கள் எவர் பெயரும் குடத்துக்குள் போகவே வழியில்லை என்பதையும் அந்த விடை உணர்த்துவதில்லை.

விளைவு நவீன வரலாற்றில் தெரிகிறது. கிராம மக்களாட்சி ஆயிரமாண்டுச் சொத்து என்று நம்பும் மாணவருக்கு, ஊராட்சிகளில் இட ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் எதற்காக என்பதே புரியாது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் கொல்லப்பட்டதும், அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியாமற்போனதும் அந்தப் பெருமைக் கதையில் எங்கே பொருந்தும்? யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்ற பழைய கேள்விதான் மேலவளவில் உயிரைக் குடித்தது. இதைச் சொல்லாமல் குடவோலையை நடத்துவது மாணவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இத்தனைக்கும், உண்மையில் வியக்க வேண்டிய பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர முடியாது. ஒருமுறை இருந்தவர் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். பதவி ஓராண்டுதான், குற்றம் கண்டால் அதற்குள்ளேயே நீக்கம். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியங்கள். 919இல் செய்த ஏற்பாட்டை இரண்டே ஆண்டில் திருத்தியும் எழுதியிருக்கிறார்கள். அதிகாரம் ஒரே வீட்டில் தங்கிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. உறவினர் கைமாறிப் பதவி சுற்றிவரும் ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த விதிகள் உடனே விளங்கும்.

ஒன்பதாம் வகுப்பிலாவது கல்வெட்டின் விதிகளை முழுதாகக் கொடுத்து, பக்கத்தில் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் தகுதி, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளை வைத்துப் படிக்கச் செய்யலாம். பழையதில் எந்த விதி இன்றும் வேண்டும், எது ஒழிந்தது நல்லது என்று மாணவர்களே வாதிடட்டும். அதற்கு ஒரு வாரம் போதும்.