இரு தரப்பாரின் ஜெபமும் எண்ணப்படாத மூன்றாம் ஜெபமும்

போர்க்காலத்தில் நாட்டை ஆள்வோருக்காக இறைவழிநடத்துதலை வேண்டுவது திருச்சபையின் பழைய வழக்கம். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அதற்கு ஆதாரம். ஆயின், அவ்வேண்டுதலுக்குரிய ஆள்வோனே கடவுளின் சித்தத்தைத் தேடித் தடுமாறியதைக் காட்டும் எழுத்துகள் அரியவை. எந்தச் சபையிலும் உறுப்பினராகச் சேராத ஆபிரகாம் லிங்கன் விட்டுச்சென்ற சில பக்கங்கள் அத்தகையவை. அவற்றைப் போற்றி மேற்கோள் காட்டுவதோடு நாம் அமைந்துவிடுகிறோம். சற்றுக் கண்டிப்புடனும் அவற்றை வாசித்தல் தகும்.

1862 செப்டம்பர் 13 அன்று சிக்காகோ நகரக் கிறிஸ்தவரின் தூதுக்குழு ஒன்று அவரைக் கண்டு, அடிமைகளை விடுவிப்பதே தேவசித்தம் என்று வற்புறுத்தியது. நேர்மாறான கருத்துடைய பக்தர்களும் இதே உறுதியோடு தம்மிடம் வருகின்றனர் என்றார் லிங்கன். தம் கடமையைச் சார்ந்த காரியத்தில் கடவுள் பிறருக்கு வெளிப்படுத்துவாராயின் தமக்கே நேரில் வெளிப்படுத்தலாமே என்றும் வினவினார். ஆகாபைச் சூழ்ந்து நின்ற நானூறு தீர்க்கதரிசிகளை நினைப்போர்க்கு இவ்வெச்சரிக்கை நியாயமாகவே தோன்றும். எனினும் அக்குழுவினர் கேட்டது நீதி என்பதை மறத்தலாகாது. ஒன்பது நாள் கழித்து அவரே விடுதலைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டார்.

இடையில் நிகழ்ந்தது அன்டீட்டம் போர். லீயின் படை மேரிலாந்தினின்று துரத்தப்படின் விடுதலையை அறிவிப்பதாகக் கடவுளிடம் பொருத்தனை செய்திருந்ததாக லிங்கன் அமைச்சரவையில் கூறினார். அமைச்சர்களான வெல்ஸ், சேஸ் இருவரின் நாட்குறிப்புகளும் இதற்குச் சான்று. கிதியோனின் தோல் நினைவுக்கு வருகிறது. லீ வென்றிருந்தால் அடிமைத்தனம் தொடர்வதே கடவுளின் சித்தம் என்றாகியிருக்குமா? அறிவிப்பின் வரைவு ஜூலை மாதத்திலேயே அமைச்சரவையில் வாசிக்கப்பட்டிருந்ததால், பொருத்தனை காலத்தைக் குறித்ததேயன்றிக் கொள்கையைக் குறித்ததன்று எனலாம். அப்படியும் இவ்வினா முற்றும் நீங்கவில்லை.

தேவசித்தம் பற்றி அவர் தமக்கென எழுதிவைத்த சிறு குறிப்பு, அவர் மறைவுக்குப்பின் வெளிவந்தது. அதனை 1862க்கு உரியதெனக் கொள்வது மரபு. 1864க்கு உரியதென்பாரும் உளர். இரு தரப்பாரும் கடவுளைத் தம் பக்கம் என்கின்றனர்; ஒருவரேனும் தவறியிருக்க வேண்டும்; கடவுளின் நோக்கம் இருவர் நோக்கத்தினின்றும் வேறானதாகவும் இருக்கலாம் என்கிறது அது. ஒரு போர்த்தலைவன் தன் தனிமையில் இவ்வளவு தூரம் சென்றது பெரிது. எனினும் அக்குறிப்பில் அடிமைத்தனம் என்னும் சொல்லே இல்லை. 1863 ஏப்ரல் 30ஐ உபவாச நாளாக அறிவித்த பிரகடனமும் தேசத்தின் பாவங்களை அறிக்கையிடுகிறது. செருக்கையும் கடவுளை மறந்ததையும் சொல்லி, அடிமைத்தனத்தைப் பெயர் சொல்லாமலே விடுகிறது. பெயரிடப்படாத பாவத்தை அறிக்கையிடுவது எளிது. நம் ஆராதனை முறைமைகளும் இதனை அறியும்.

1865 மார்ச் 4இல் நிகழ்த்திய இரண்டாம் பதவியேற்புரையிலேதான் அப்பெயர் வருகிறது. அதனைத் தென்னாட்டார் பாவமென்று ஒதுக்காமல் அமெரிக்காவின் பாவம் என்கிறார். வடக்கும் தெற்கும் ஒருங்கே தண்டனை பெறுவதாகக் காண்கிறார். சவுக்கடி சிந்திய இரத்தத்திற்குப் போரின் இரத்தம் ஈடாகும்வரை போர் நீடிப்பினும் கடவுளின் தீர்ப்பு நீதியானதே என்கிறார். வெற்றி கைக்கெட்டிய வேளையில், வென்ற தரப்பையும் குற்றக்கூண்டில் நிறுத்தும் இவ்வுரை மக்களுக்கு உடனே இனிக்காது என்பதை அவரே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

என் குறை இவ்விடத்ததே. இரு தரப்பாரும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளிடம் ஜெபித்தனர். இருவர் ஜெபமும் முழுமையாய்க் கேட்கப்படவில்லை என்கிறார் லிங்கன். இரு தரப்பார் என்றால் வடவரும் தென்னவருமே. ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் அந்நாட்டிலே இருந்தனர்; அவர்களும் ஜெபித்தனர். ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர் வடபடையிலே பணியாற்றினர். எகிப்திலே இஸ்ரவேலரின் கூக்குரலைக் கேட்ட கடவுளைப் பாடிய அம்மக்களின் ஜெபம் இக்கணக்கில் சேரவில்லை. உரையில் அவர்களது உழைப்பும் இரத்தமும் உண்டு, குரல் இல்லை. அதனைச் சேர்த்திருந்தால், கடவுளின் நோக்கம் இத்துணை மறைவானதெனத் தோன்றியிராது.

அன்று கூட்டத்தில் நின்று கேட்டவருள் அடிமைத்தளையினின்று தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸும் ஒருவர். மாலையில் வெள்ளை மாளிகை வரவேற்புக்குச் சென்ற அவரை வாயிற்காவலர் தடுத்தனர். செய்தி உள்ளே எட்டியபின் அனுமதி கிடைத்தது. உரையைப் பற்றி அவர் கருத்தை லிங்கன் வலிந்து கேட்டார். அது ஒரு புனித முயற்சி என்று டக்ளஸ் விடையிறுத்தார்.