பாலிகீட்டா வகைப்பாட்டில் பெயரும் பொருளும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

வளைதசைப் புழுக்கள் தொகுதியில் கடல்வாழ் இனங்கள் மிகுந்த பிரிவு பாலிகீட்டா ஆகும். 1850இல் குரூபே சூட்டிய இப்பெயர், உடற்கண்டங்களின் பக்கக் கால்களில் கொத்தாக நிற்கும் சீட்டாக்களைக் குறிப்பது. இப்பிரிவை எரான்ஷியா, செடென்டேரியா என, அதாவது அலைந்து திரிவன, ஓரிடத்தில் தங்குவன என, இரண்டாகப் பகுப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விலங்கியலாரின் வழக்கம். 2011இல் ஸ்ட்ரக் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட மரபணுத்தொகுதி ஆய்வு இவ்விரு பெயர்களையும் மீட்டெடுத்தது. ஆகவே பழைய பகுப்பே சரியானது எனக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய பகுப்பின் வலிமையும் குறையும்

ஃபோவெல் 1923, 1927 ஆகிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டு விலங்கின வரிசைக்கு எழுதிய இரு தொகுதிகள் இப்பகுப்பையே தலைப்பாகக் கொண்டன. மாதிரிகளை இனங்காண்பதற்கு அம்முறை எளிதாக இருந்தது. ஆயின் அதன் பெயர்கள் சுட்டுவது உடலமைப்பை அன்று, வாழ்முறையை. டயோபட்ரா குழாய் கட்டி அதனுள் வாழ்கிறது. எனினும் வலிய தாடைகளும், பக்கக் கால்களைத் தாங்கும் அசிகுலா ஊசிகளும் உடைமையால் எரான்ஷியாவில் வைக்கப்பட்டது. ஒஃபீலியா குழாயின்றி மணலைத் துளைத்து இயங்குகிறது. எனினும் செடென்டேரியாவில் சேர்ந்தது. பெயர் ஒன்றையும் உறுப்பமைப்பு வேறொன்றையும் உரைத்தன. 1977இல் ஃபோசால்ட் தம் வகைப்பாட்டு நூலில் இவ்விரு பிரிவுகளையும் கைவிட்டு, வரிசைகளையும் குடும்பங்களையும் மட்டும் அமைத்தது இதனால் நியாயமாகிறது.

இல்லாமை அடையாளமாகுமா?

1997இல் ரௌஸ், ஃபோசால்ட் இருவரும் உடலமைப்புப் பண்புகளைக் கிளைவழி முறையில் பகுத்தாய்ந்து, பாலிகீட்டாவை ஸ்கோலெசிடா, பால்பேட்டா எனவும், பால்பேட்டாவை அசிகுலேட்டா, கானாலிபால்பேட்டா எனவும் பிரித்தனர். பண்புகளை வெளிப்படையாகப் பட்டியலிட்டதால் பிறர் சோதித்துப் பார்க்க இயன்றது. இதுவே அவ்வாய்வின் நிலையான பங்களிப்பு. அதன் நலிவு, உறுப்பு இல்லாமைக்குக் கொடுத்த இடத்தில் உள்ளது. தலையில் உணர்நீட்சிகள் இல்லாமை தொன்மையாலும் நேரலாம். மண்ணைத் துளைக்கும் வாழ்வில் உறுப்பு இழப்பாலும் நேரலாம். வெளித்தோற்றத்தைக் கொண்டு மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. பக்கக் கால்களற்ற மண்புழுவும் அட்டையும் பாலிகீட்டாவுக்கு வெளியே தனித்து நிறுத்தப்பட்டமையும் இவ்வகைச் சிக்கலே.

பெயர் மீண்டது, பொருள் மாறியது

2011ஆம் ஆண்டு வகைப்பாட்டில் மண்புழுவும் அட்டையும் செடென்டேரியாவுக்குள் அமைகின்றன. ஓரிடத்தில் தங்குவன என்ற பெயரின் கீழ் மண்ணில் ஊர்ந்து செல்லும் உயிரி வருகிறது. மாறாக, வாழ்நாள் முழுதும் குழாயினுள் கிடக்கும் கீட்டாப்டெரஸ் இவ்விரு பெரும் பிரிவுகளுக்கும் வெளியே, தொடக்கநிலைக் கிளைகளில் ஒன்றில் இடம்பெறுகிறது. முன்னர் எரான்ஷியாவில் இருந்த தீப்புழுக்களின் நிலையும் அத்தகையதே. தனித்தொகுதியாகக் கருதப்பட்ட எக்கியூரா வளைதசைப் புழுக்களுள் அடங்குகிறது. அதன் முதிர்ந்த உடலில் கண்டங்கள் இல்லை. ஆகவே மீண்டது பழைய சொல்லேயன்றிப் பழைய கருத்தன்று. இன்றைய செடென்டேரியா பொது மூதாதையைச் சுட்டும் பெயர். வாழ்முறையின் வருணனை அன்று.

இதன் மற்றொரு விளைவையும் சுட்டவேண்டும். மண்புழுவின் மூதாதையர் பாலிகீட்டாவினுள்ளேயே இருப்பின், பாலிகீட்டா, ஆலிகோகீட்டா, ஹிருடினியா என்னும் மூன்று சமநிலை வகுப்புகள் நிலைபெறா. மகனை விலக்கிவிட்டுத் தந்தைவழிக் குடும்பத்தை எண்ணுவது போன்றதே அப்பகுப்பு.

முடிவுரை

தமிழில் இச்சிக்கல் கூடுதலாகிறது. செடென்டேரியாவை 'நிலைத்து வாழ்வன' எனப் பெயர்த்தால், கைவிடப்பட்ட கருத்தே கலைச்சொல்லாக நிலைத்துவிடும். மூலப்பெயரை ஒலிபெயர்த்து, எவ்வாண்டு வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம் எனக் குறிப்பதே தக்கது. இந்தியக் கடலோர மாதிரிகளை இனங்காண ஃபோவெலின் 1953ஆம் ஆண்டுத் தொகுதி இன்றும் பயன்படும். உறவுமுறையை நிறுவ அது சான்றாகாது. இனங்காணும் திறவுகோல் வேறு, மரபுவழி வேறு என்னும் தெளிவை ஆய்வேடுகளும் வகுப்பறையும் பேணுதல் வேண்டும்.