எண்ணெய் வந்த வழி

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் மெக்கானிக் பாய் அட்டையைத்தான் கேட்பார். "ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டை போட்டு வையுங்க சார். முன் சக்கரம் எந்தப் பக்கம்னு அதுல எழுதி எடுத்துட்டு வாங்க." பழைய புல்லட்டின் கியர்பாக்ஸில் கசியும் எண்ணெயை அவர் பார்க்கும் விதத்தை இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து வருகிறேன். சங்கீதம் கேட்கப் போகிறவர்களுக்கு என்ன கிடைக்குமோ, அது எனக்கு அந்தப் பட்டறையில் கிடைத்திருக்கிறது.

என் வண்டி நான்கு கியர் புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி அது. 1955-இல் அந்த ஊர் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு திருவொற்றியூரில் உருவாகி, நம் ஊர் வண்டியாகவே ஆகிவிட்டது. இன்றைய வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. இதில் கியர்பாக்ஸ் தனிப்பெட்டி. இன்ஜினின் முதுகில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். ஆல்பியன் பெட்டி என்பார்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வலது குதிகாலுக்கு எட்டும் இடத்தில் இன்னொரு சின்ன மிதி உண்டு. இரண்டு, மூன்று, நான்கு என எந்த கியரில் இருந்தாலும் அதை ஒரு மிதி மிதித்தால் நியூட்ரலில் வந்து நிற்கும். சிக்னலில் அதை மிதிக்கும் சுகம் தெரிந்தவர்கள் இந்தப் பெட்டியை எளிதில் கைவிட மாட்டார்கள்.

இந்த வண்டியில் எண்ணெய் மூன்று இடத்தில் தனித்தனியாக நிற்கிறது: இன்ஜினில், இடதுபக்கம் கிளட்ச் இருக்கும் பிரைமரி கேஸில், கியர்பாக்ஸில். கீழே விழும் சொட்டு எதிலிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. பாய் அட்டையில் இருக்கும் கறையைக் கட்டைவிரலால் தொட்டு ஆட்காட்டி விரலோடு சேர்த்து விரித்துப் பார்ப்பார். இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும், எரிந்த வாடை வரும். பிரைமரியில் இருப்பது மெல்லியது, அதில் கிளட்ச் தேய்ந்த தூள் கலந்திருக்கும். கியர் ஆயில் விரலுக்கும் விரலுக்கும் நடுவே நூல் பிடிக்கும். கந்தக வாடை மூக்கில் ஏறும். அந்த இரண்டு விரல்களைத் தவிர அவருக்கு வேறு கருவி தேவைப்பட்டதில்லை.

அடுத்தது மூலம். எண்ணெய் விழுகிற இடம் ஒன்று, கிளம்புகிற இடம் வேறு. ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதன் கனம் கீழே இழுக்கும். ஆகவே மூலத்தை எப்போதும் மேலேயும் முன்னாலேயும்தான் தேட வேண்டும். பெட்டியை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நன்றாகக் காய வைத்து, குழந்தைக்குப் போடும் பவுடரை மேலே தூவுவார். பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்வார். வெள்ளைப் பூச்சின் நடுவே ஈரக்கோடு ஒன்று இறங்கியிருக்கும். அதன் உச்சி எங்கேயோ அங்கேதான் வியாதி. கிக்கர் தண்டு வெளியே வரும் இடமா, கியர் லீவர் தண்டா, மூடியின் விளிம்பா என்று பவுடரே காட்டிவிடும். எத்தனை எளிமை! இதைச் செய்யாமல் சுற்றிலும் சிலிகானைப் பூசி அனுப்பும் பட்டறைகள்தான் அதிகம். அது வைத்தியமே ஆகாது.

சில நேரம் வியாதி இருப்பது எண்ணெயிலேயேதான். ஆல்பியன் பெட்டி குழைவான கிரீஸை நம்பிச் செய்யப்பட்டது. கிரீஸ் உள்ளேயே நிற்கும் என்பதால், மெல்லிய எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அதில் சீல்கள் கிடையாது. ஆனால் கிரீஸ் கட்டியாக இருந்தாலும் ஆபத்து. பல்சக்கரம் அதில் ஏர் உழுத மாதிரி சால் போட்டுக்கொண்டு சுற்றும். வெண்கல புஷ்கள் காய்ந்து கிடக்கும். அதனால்தான் கிரீஸையும் கியர் ஆயிலையும் கலந்து விடும் வழக்கம் நம் பட்டறைகளில் வந்தது. தேன் பதம் என்பது பாய் கணக்கு. எண்ணெய் வாங்கும்போது டப்பாவைப் படிப்பது நல்லது. ஜிஎல்-5 ரக எண்ணெயில் சேர்க்கும் கந்தகச் சரக்கு சில வகைகளில் வெண்கலத்தை அரிக்கும், ஜிஎல்-4 பத்திரம். அளவும் முக்கியம். லெவல் ஸ்க்ரூவைத் தாண்டி ஊற்றினால் மிச்சத்தைப் பெட்டி தானே வெளியேற்றிவிடும். கசிவு என்று பயந்து ஓடி வரும் வண்டிகளில் சில, வெறுமனே அதிகம் குடித்தவை.

என் வண்டியில் கசிந்தது வலதுபக்க மூடியின் கீழ் விளிம்பில். மூடியைக் கழற்றி அதன் முகத்தில் விரல் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்த பாய் ஓரிடத்தில் நின்றார். "தொட்டுப் பாருங்க சார்." நகம் தடுக்கியது. முன்பு எப்போதோ ஒரு பட்டறையில் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்திருக்கிறார்கள். அலுமினியத்தில் ஒரு மயிரிழைப் பள்ளமும், அதன் கரையில் மேடும். அந்த மேடு இருக்கும்வரை எந்த பேக்கிங்கும் படியாது. கண்ணாடிப் பலகை மேல் எமரி பேப்பரை விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூடியைக் கவிழ்த்து எட்டு போட்டு எட்டு போட்டுத் தேய்த்தார். அழுத்தவில்லை, மூடியின் கனமே போதும் என்றார். சற்று நேரத்தில் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகப் படிந்தது.

பிறகு பேக்கிங். கடையில் வெட்டி விற்கிறார்கள். அவர் வாங்குவதில்லை. பேக்கிங் தாளை மூடி மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போனார். டொக் டொக் என்று, தவில்காரர் விரல் பழகுகிற மாதிரி ஓர் ஓசை. அடி விழ விழ உலோகத்தின் கூர் விளிம்பே தாளை அறுத்துக் கொடுத்தது. ஸ்க்ரூ ஓட்டைகளையும் அப்படியே எடுத்தார். தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தபோது மூடியின் உருவம் அச்சாக இருந்தது. கிரீஸைத் தடவி உட்கார வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

எல்லாவற்றிலும் நுட்பமானது வெளியே தெரியாத கசிவு. கிளட்ச்சை அழுத்தும் ராடு இந்தப் பெட்டியின் குழல் தண்டுக்குள் புகுந்து வலமிருந்து இடம் போகிறது. புஷ் தேய்ந்துபோனால் கியர் ஆயில் அந்த வழியே பிரைமரிக்குள் சத்தமில்லாமல் இடம் மாறும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது. கியர்பாக்ஸில் அளவு இறங்கும், பிரைமரியில் ஏறும், மேட்டில் கிளட்ச் வழுக்கும். கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

செயின் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சீலும் பிரைமரி பக்கம்தான். இடதுபக்க மூடியை ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் கிளட்ச், பிரைமரி செயின், ஆல்டர்னேட்டர், உள் கேஸ் எல்லாம் இறங்க வேண்டும். இவ்வளவையும் கழற்றிய பிறகு பாய் புது சீலை உடனே வைத்துவிட மாட்டார். பழைய சீலின் உதடு தேய்த்துத் தேய்த்து இரும்பில் பதித்த வளையக் கோட்டைத் தேடுவார். இடம் இருந்தால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைப்பார், அதன் உதடு தேயாத இரும்பில் படும்படி. உள்ளே தள்ளும்போது ஸ்ப்ளைன் பல் உதட்டைக் கிழிக்காமல் இருக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவார். எனக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான் கலை. செய்தவருக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கும் மட்டுமே அது தெரியும்.

கடைசியாக என் வண்டியின் பின் செயினைத் தொட்டுப் பார்த்துத் தளர்த்திவிட்டார். முறுக்கிக் கட்டிய செயின் தண்டை ஒரு பக்கமாக இழுக்கும். பேரிங்கும் போகும், புது சீலும் போகும்.

இப்போது என் வீட்டு அட்டையில் வாரத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. இந்த வயசுப் பெட்டிக்கு அது ஆரோக்கியம் என்கிறார் பாய். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய புல்லட் நின்றால், சிலிகான் குழாயை எடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி அட்டை போட்டு வையுங்கள்.